ஸ்டீல் டேங்குக்குள் துரு: விற்றவர் கைவிரித்தால் என்ன செய்வது?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். விசைப்படகு புரொபெல்லரில் சிக்கும் வலையையும் கயிற்றையும் கடலுக்குள் இறங்கி அறுத்தெடுப்பதுதான் என் பிழைப்பு. கடலுக்குள் மூச்சுவிட முதுகில் மாட்டும் காற்று டேங்குக்காக, டைவிங் நிலையம் ஒன்று வாடகைக்கு விட்டுவந்த பழைய ஸ்டீல் டேங்க் இரண்டை வாங்கினேன். ‘டெஸ்ட் முடிஞ்சாச்சு, அப்படியே காத்து அடிச்சுக்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். காற்று நிரப்பும் இடத்தில், அடுத்த சோதனைக்கான தேதி தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வால்வைக் கழற்றினால் உள்ளே செந்தூள் கொட்டுகிறது. விற்றவரோ, பில்லில் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று இருப்பதைக் காட்டுகிறார். பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த டேங்குகளை இப்போது யாரும் தொடக் கூடாது. சரளைக்கல்லைப் போட்டு உருட்டித் துருவை எடுக்கலாம், அப்படியே ஹைட்ரோ டெஸ்டுக்கு (தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் செய்யும் சோதனைக்கு) அனுப்பலாம் என்று தோன்றும். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வாயு சிலிண்டர் விதிகள் 2016-இன்படி, சோதனையில் தேறாத சிலிண்டரை நசுக்கியோ வெட்டியோ அழித்துவிட வேண்டும். அதன் பிறகு உங்கள் கையில் சாட்சியமாக எதுவும் மிஞ்சாது. விற்றவரும் ‘நான் கொடுத்தது அதுவே இல்லை’ என்பார்.

ஆகவே முதல் வேலை போட்டோ எடுப்பது. கழுத்தில் குத்தியிருக்கும் வரிசை எண், வேலை அழுத்தம் (எவ்வளவு அழுத்தம் வரை காற்று நிரப்பலாம் என்பது), காலி எடை, கடைசிச் சோதனையின் மாதமும் ஆண்டும் எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறையையும் கழற்றிப் படமெடுங்கள். உப்பு அங்கேதான் தங்கும். வெளிப்பக்கத்துத் துரு பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது ரிட்டர்ன் விஷயம். பழைய பொருள் என்பதால் சிராய்ப்புக்கும் பெயின்ட் போனதற்கும் நீங்கள் வழக்குப் போட முடியாது. சோதனை முடிந்தது என்று சொல்லி விற்றது வேறு கதை. சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15. பில்லில் அச்சடித்த ஒரு வரி பொய்யைக் கழுவிவிடாது.

அவர்களுடைய வக்கீல் எங்கே பிடிப்பார் தெரியுமா? ‘தேதி கழுத்திலேயே இருந்ததே, நீ ஏன் பார்க்கவில்லை?’ என்பார். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-இல் இதற்கு இடமுண்டு: சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கலாம் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்த விலக்கு, தவறான கூற்றுக்கும் மௌனத்தால் நடந்த மோசடிக்கும்தான். தெரிந்தே வாயைத் திறந்து பொய் சொன்னவருக்கு அது கிடையாது. எனவே அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. போனை மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன்படி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். பதினைந்து நாள் கொடுத்து, ‘இன்ன தேதியில் இன்ன இடத்தில் சோதனை, வந்து பாருங்கள்’ என்று எழுதலாம். அசையவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டேங்கை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி பிரிவு 38-இன்கீழ் ஆணையத்தையே கேட்கலாம்.

‘தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோர் அல்ல’ என்ற வாதம் கட்டாயம் வரும். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோரே. நீங்களே இறங்கி வேலை செய்கிறீர்கள் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். நாலு பேருக்கு டேங்கை வாடகைக்கு விட்டிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். அப்போது சிவில் கோர்ட்தான்.

ஏமாற்றியதாக போலீசில் புகார் தரப் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318 இருக்கிறது. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். நான் அதை இரண்டாவதாகவே வைப்பேன்.

வழக்கு நடக்கும்போது அவசர வேலை வந்தாலும் அந்த டேங்கோடு இறங்காதீர்கள். ஈரத்தோடு மூடிக்கிடந்த ஸ்டீல் டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். அழுத்தமானி நிறையக் காட்டும், மூச்சு நின்றுவிடும்.

சமரசம் பேசிப் பணம் தந்தால் டேங்கைத் திருப்பிக் கொடுங்கள். ரசீதில் இரண்டு வரிசை எண்களையும் ‘சோதனை செய்யப்படாதவை, காற்று நிரப்பக் கூடாது’ என்ற வரியையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அதே டேங்க் பாம்பனில் இன்னொருவர் முதுகில் ஏறும்.