திசைத் தேர்வு வைக்கிறவர்களுக்கு: இம்முறை வந்த கேள்விகள்

ஆய்வறிக்கை ஒப்படைக்கிற காலம் வந்துவிட்டது, கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: படத்தில் உள்ள ஒரு பொருளின் இடத்தில் நிற்பதாகக் கற்பனை செய்து, இன்னொரு பொருள் எந்தப் பக்கம் என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் திசைத் தேர்வு. போட்ட கோடு சரியான திசையிலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுதான் கோணப் பிழை.

12 கேள்வித் திசைத் தேர்வை 60 பேருக்கு வைத்தேன், சராசரிக் கோணப் பிழை 110 பாகை வருகிறது. எல்லாரும் இவ்வளவு மோசமா? (மாணவர், வந்தாறுமூலை)

தம்பி, கண்ணை மூடிக்கொண்டு கோடு கிழித்தாலே 90 பாகை அளவில்தான் வரும். 110 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் எக்ஸெல் தாளை. சரியான விடை 350 பாகை, அவர் வரைந்தது 10 பாகை என்றால் பிழை 20, நீங்கள் 340 என்று போட்டிருப்பீர்கள். வித்தியாசம் 180ஐத் தாண்டினால் 360இலிருந்து கழியுங்கள். கூட்டல் கழித்தல் குறியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இடப்பக்கப் பிழையும் வலப்பக்கப் பிழையும் அடிபட்டுப்போய் எல்லாரும் மேதையாகிவிடுவார்கள். அனுப்புவதற்கு முன் ஒரு பத்து விடையையாவது கையால் சரிபார்த்திருக்கலாம்.

5 நிமிடத்தில் பலர் ஏழெட்டுக் கேள்விதான் முடிக்கிறார்கள். வெற்றிடத்தை என்ன செய்வது?

விட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் சராசரி எடுத்தால் மெதுவாகச் செய்தவருக்கு லாபம். வெற்றிடத்துக்கு 90 பாகை, அதாவது கண்ணை மூடிக் கிழித்த அளவு, போட்டால் அவருக்கு நட்டம். இரண்டு வகையிலும் கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்று எழுதுங்கள். எத்தனை பேர் முடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டாம்.

பிள்ளைகள் தாளைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள், பாவம் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை போனிலேயே வைக்கலாமா, போட்டோகொப்பிச் செலவு மிச்சம்? (ஆசிரியை, கல்முனை)

மிஸ், இதைத்தான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். தாளில் ஏழு பொருள்கள் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் நின்று, இன்னொன்றைப் பார்த்தபடி, மூன்றாவது எந்தப் பக்கம் என்று கீழே உள்ள வட்டத்தில் கோடு போட வேண்டும். வட்டத்தின் நடு நீங்கள், உச்சி நீங்கள் பார்க்கும் பொருள். உடம்பு ஒரு பக்கம் பார்த்திருக்க, மனதை வேறு பக்கம் பார்க்க வைப்பதில்தான் கஷ்டமே இருக்கிறது. கற்பனையில் பார்க்கும் திசை தாளின் மேற்பக்கத்திலிருந்து 90 பாகைக்கு மேல் விலகினால் பிழை ஏறுவதும் அதனால்தான். மட்டக்களப்புக் கல்லடியில் கடலைப் பார்த்து நின்றால் காத்தான்குடி வலக்கைப் பக்கம், வாவியைப் பார்த்துத் திரும்பினால் இடக்கைப் பக்கம். இரண்டையும் வீட்டில் கட்டிலில் கிடந்தபடி சொல்ல முடிகிறதா என்பதைத்தான் நாம் அளக்கிறோம். தாளைத் திருப்பினால் அந்த வேலையைக் கை செய்து முடித்துவிடுகிறது, மனதுக்கு மிச்சமில்லை.

அதைவிட மோசம், நாற்பது பிள்ளைகளில் சிலர் திருப்பியிருப்பார்கள், சிலர் வெட்கப்பட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். உங்கள் புள்ளிகளில் தெரியும் வேறுபாடு யார் திருப்பினார் என்ற வேறுபாடாகவும் இருக்கலாம், அதை இனிப் பிரிக்க வழியில்லை. கழுத்தைச் சாய்ப்பது, படத்தின் மேல் பென்சிலை வைத்துப் பார்ப்பது, படத்திலேயே கோடு கிழிப்பது எல்லாம் இதே கணக்குத்தான். போன் வேண்டவே வேண்டாம், அது கையிலேயே திரும்பும், போதாததற்குத் திரையும் தானாகச் சுழலும். கணினி வடிவம் ஒன்று இருக்கிறது, மேசையில் அசையாமல் இருக்கும் திரையில் வையுங்கள். ஏற்கெனவே சேர்த்த தரவைத் திறன் அளவீடு என்று எங்கும் எழுத வேண்டாம், பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சுழற்சித் தேர்வு கையில் இருக்கிறது, அதையே வைத்துவிட்டுப் பெயரை மாற்றினால் என்ன?

பெயரை மாற்றினால் பொய். மனச்சுழற்சித் தேர்வில் நீங்கள் அசையாமல் பொருளை மனதில் சுழற்றுகிறீர்கள், திசைத் தேர்வில் நீங்களே மனதில் இடம் மாறுகிறீர்கள். இரண்டும் நன்றாகவே ஒட்டி ஏறி இறங்கும், ஆனாலும் பிரித்தறியக்கூடிய திறன்கள் என்று ஆய்வாளர்கள் ஹெகார்ட்டியும் வாலரும் 2004இலேயே காட்டிவிட்டார்கள். நேரம் இருந்தால் இரண்டையும் வையுங்கள்.

தேர்வுக்குப் பதில் சாந்தா பார்பரா வினாக்கொத்து போதாதா? 15 கேள்விதானே.

போதாது. அது தன் திசையறிவு எப்படி என்று ஒருவரையே மதிப்பிடச் சொல்லும் வினாக்கொத்து, அவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் சொல்லும். ஊருக்குள் வழி பிடிப்பதோடு ஓரளவு ஒத்தும் போகும். தேர்வோடு சேர்த்துக் கொடுங்கள்.

பெண்களுக்கு இந்தத் திறன் குறைவு என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (அக்கரைப்பற்று)

வழமையான வடிவத்தில் ஆண்களின் சராசரி கொஞ்சம் மேலே நிற்பது உண்மை. ஆனால் 2016இல் ஆய்வாளர் தராம்பியும் கூட்டாளிகளும் படத்தில் ஒரு மனித உருவத்தை வைத்து, இது பிறர் நிலையில் நின்று பார்க்கும் சமூகத் திறனைச் சோதிப்பது என்றும் சொல்லிக் கொடுத்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. தேர்வை எப்படி அறிமுகம் செய்கிறோம் என்பதே புள்ளியை மாற்றுகிறது என்றால், மூளையைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. தவிர, கூட்டத்தின் சராசரியை வைத்து வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் புள்ளி போட முடியாது தங்கச்சி. உங்கள் கணவருக்கும் ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள், திருப்ப விடாமல்.

என் ஆறு வயது மகனுக்கு இந்தத் தேர்வை வைத்தேன், ஒன்றும் விளங்கவில்லை. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இது பெரியவர்களுக்கான தாள், அந்த வயதுக்குக் கோணம் குறிப்பதே பெரும்பாடு. குழந்தை உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் மூன்று மலைகளின் மாதிரியை வைத்துக் கேட்டபோது, எதிரே இருக்கும் பொம்மைக்குத் தெரிவதாகச் சின்னப் பிள்ளைகள் காட்டியது தங்களுக்குத் தெரிந்த காட்சியைத்தான். எதிரில் நீங்கள் உட்கார்ந்து, நடுவில் ஒரு கோப்பையை வைத்து, அதன் பிடி உங்களுக்கு எந்தக் கைப் பக்கம் என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் எழும்பி உங்கள் பக்கம் வந்து பார்க்கட்டும், அவனுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு.