கொரில்லாத் தோலில் வந்த விண்வெளி விருந்தாளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

சென்ற மாதம் நண்பர்களோடு சேர்ந்து 1953 ஆம் ஆண்டின் அமெரிக்கப் படமான 'ரோபாட் மான்ஸ்டர்' என்பதைப் பார்த்தேன். உலகின் மிக மோசமான படங்களுள் ஒன்று என்று படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம். நண்பர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். நான் கடைசி வரை பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு உண்மையிலேயே ஏதேனும் உண்டா, ஐயா?
– வாசகர், பாளையங்கோட்டை

உண்டு. நீங்கள் கடைசி வரை உட்கார்ந்திருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இயக்குநர் பில் டக்கருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சுமார் 16,000 டாலரில், நான்கே நாட்களில் படத்தை முடித்தார். வேற்றுக் கிரகத்திலிருந்து வரும் இயந்திர மனிதனுக்கு உலோக உடை செய்யப் பணமில்லை. ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. கொரில்லா வேடம் கட்டுவதே அவருக்குத் தொழிலாகவும் இருந்தது. அந்த உடையோடு அவரை வரவழைத்து, தலையில் மட்டும் ஆழ்கடலில் மூழ்குவோர் அணிவதைப் போன்ற ஓர் உருண்டைக் கவசத்தை மாட்டி, அதன்மேல் ஆன்டெனாக்களைப் பொருத்திவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே காட்டு விலங்காகவும் கழுத்துக்கு மேலே விண்வெளி உயிராகவும் காட்சி தரும் அந்த 'ரோ-மான்' பிறந்தது இப்படித்தான்.

அவனுடைய தலைமையகம் ஒரு குகை. குகை வாயிலில் ஒரு சிறிய மர மேசை, மேசைமேல் போர்க்காலத்து வானொலிப் பெட்டி போன்ற ஒரு கருவி, அதன் அருகே ஓயாமல் சோப்புக் குமிழ்களை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம். அக்குமிழ்கள் வெயிலில் மினுங்கியபடி குகையின் இருட்டுக்கு முன்னால் மிதந்து போவதை அடுத்த முறை கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவை எதற்காக வருகின்றன என்று படம் சொல்வதில்லை. ஆனாலும், இந்த இடம் நம் உலகத்தைச் சேர்ந்ததன்று என்ற உணர்வை அந்தக் கொரில்லா உடையால் தர முடியாத அளவுக்கு அக்குமிழ்கள் தந்துவிடுகின்றன.

கதையில் ரோ-மான் மனித குலத்தையே அழித்துவிட்டான். எஞ்சியிருப்பவர்கள் எட்டே பேர். அவர்களைத் தேடி மேட்டில் ஏறுகிறான், இறங்குகிறான், மீண்டும் ஏறுகிறான். படத்தின் பெரும்பகுதி நேரம் இந்த ஏற்ற இறக்கத்திலேயே போவதால்தான் உங்கள் நண்பர்கள் எழுந்து போயிருப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் பின்பாதியில், எட்டுப் பேரில் ஒருத்தியான இளம்பெண்ணின் மேல் ரோ-மானுக்கு மனம் போகிறது. கொல்லும்படி மேலிடத்திலிருந்து கட்டளை வருகிறது. செய்தே ஆக வேண்டும், செய்ய முடியவில்லை. இவ்விரண்டும் வரைபடத்தின் எந்தப் புள்ளியில் சந்திக்கும் என்று தன்னந்தனியாக நின்று கேட்கிறான். முகம் தெரியாத ஒரு கவசத்துக்குள்ளிருந்து, கைகளை மட்டும் அசைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி அது. கணக்கு மட்டுமே தெரிந்த ஓர் உயிர் முதன்முறையாகக் கணக்குக்கு அடங்காத ஒன்றைக் கண்டு திகைக்கும் இக்காட்சி, பெருஞ்செலவுப் படங்கள் பலவற்றில் இல்லாத ஒன்று. உங்களை உட்கார வைத்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

இறுதியில் எல்லாம் ஒரு சிறுவனின் கனவு என்று முடித்ததையும், முடித்த பிறகு ரோ-மானைக் குகையிலிருந்து மீண்டும் மூன்று முறை வெளியே வரச் செய்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் படத்தின் இசை மட்டும் வேறொரு பெரிய படத்திலிருந்து எடுத்துப் போட்டதுபோல் இருக்கிறதே?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

எடுத்துப் போட்டதன்று; அப்படத்துக்கென்றே எழுதப்பட்ட இசைதான். இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டைன். 1956 இல் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்', 1960 இல் 'மேக்னிஃபிசன்ட் செவன்' ஆகிய படங்களுக்கு இசையமைத்தவர் இவரே. 1950 களின் தொடக்கத்தில், இடதுசாரிச் சார்புடையவர் என்ற ஐயத்தால் பெரிய நிறுவனங்கள் அவரைத் தள்ளி வைத்திருந்தன. அதனால் கிடைத்த சிறிய படங்களுக்கு இசையமைத்து வந்தார். கிடைத்தது சிறிய படம் என்பதற்காக அவர் தம் உழைப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு உங்கள் காதே சாட்சி.

இவ்வளவு சிறிய படத்தை முப்பரிமாணத்தில் எடுத்தார்கள் என்பது உண்மையா? 1984 இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோதுதான் அது புதுமை என்று நினைத்திருந்தேன்.
– வாசகர், மேலப்பாளையம்

உண்மை. 'குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் என்பதும் சரி. அமெரிக்காவில் அந்த அலை 1952 இன் இறுதியிலேயே எழுந்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்ட மக்களைத் திரையரங்குக்குத் திருப்பி அழைப்பதற்குக் கண்டுபிடித்த வழி அது. இரண்டு கேமராக்கள், இரு கண்களைப் போல, பக்கத்தில் பக்கத்தில். திரையிடும்போது இரண்டு புரொஜெக்டர்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பார்ப்பவர் கண்ணாடி அணிய வேண்டும்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒரு செய்தி உண்டு. வழக்கமாக ஒரு புரொஜெக்டரில் ஒரு ரீல் ஓடி முடியும்போது மற்றதில் அடுத்த ரீல் தயாராக இருக்கும். முப்பரிமாணப் படத்துக்கு இரண்டுமே ஓட வேண்டியிருந்ததால், ரீல் மாற்றுவதற்காகப் படத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஒரே புரொஜெக்டரை வைத்துக்கொண்டு ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விட்ட நம் டூரிங் டாக்கீஸ்காரர்களின் நெருக்கடியும் இதுதான்.

அண்ணாச்சி, நம் தமிழில் பழைய காலத்தில் இப்படி விண்வெளிப் படம் வந்திருக்கிறதா? எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மகேந்திரகிரி தெரிகிறது. அங்கே ராக்கெட் என்ஜினைச் சோதிக்கிறார்கள். ஆனால் கதைகளில் மட்டும் வெள்ளைக்காரர்களே விண்வெளிக்குப் போகிறார்கள்.
– வாசகர், பணகுடி

உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் 'கலை அரசி' என்ற படத்தை நீங்கள் பார்த்திருந்தால் அதில் பாதி குறைந்திருக்கும். 1963 இல் வெளிவந்தது. இயக்கியவர் ஏ. காசிலிங்கம், இசை கே. வி. மகாதேவன், நடித்தவர்கள் எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார். இசையும் நடனமும் செழிக்காத ஒரு கிரகத்திலிருந்து ஆட்கள் பறக்கும் கலத்தில் பூமிக்கு வந்து, இங்கே சிறந்த பாடகி ஒருத்தியைத் தேடி, பானுமதி ஏற்ற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவளை மீட்க எம்.ஜி.ஆர். அக்கிரகத்துக்கே போகிறார்.

நான் இப்படத்தை என் பத்தாம் வயதில், சேரன்மாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அறுவடை முடிந்த வயலில் போட்ட கொட்டகையில் பார்த்தேன். ஓலைத் தட்டிக்கு அப்பால் வாய்க்காலில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. புரொஜெக்டருக்குள் எரிந்து வெளிச்சம் தரும் கார்பன் குச்சி தேய்ந்து போனதும் திரை பழுப்பாகிவிடும். தரை டிக்கெட்டிலிருந்து "வெளிச்சம், வெளிச்சம்" என்று குரல் எழும்பும். ஆபரேட்டர் குச்சியை நெருக்கி வைத்ததும் படம் மறுபடி வெளுக்கும். அந்த மங்கலில்தான் கலம் இறங்கியது. எனக்கு அது முழுக்க முழுக்க உண்மையாக இருந்தது.

பின்னாளில் தெளிவான பிரதியில் இதே படத்தைப் பார்த்தபோது அட்டையும் வண்ணப்பூச்சும் தெரிந்தன. இதைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். அக்காலத்துத் தந்திரக் காட்சிகள் அக்காலத்துத் திரைக்காகவும் விளக்குக்காகவும் செய்யப்பட்டவை. கீறல் விழுந்த பிரதி, தேயும் கார்பன், கற்றையில் சுழலும் பீடிப் புகை ஆகியவை சேர்ந்து, தொங்கவிட்ட கம்பியையும் ஒட்டிய விளிம்பையும் மறைத்துவிடும் என்பது அந்தக் கலைஞர்களுக்குத் தெரியும். தூசு நீக்கிக் கூர்மையாக்கிய பிரதியை வைத்துக்கொண்டு அவர்களுடைய கைத்திறனை மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பதைப் பற்றி. 1950 களின் அமெரிக்கப் படங்களில் வேற்றுக் கிரகத்தார் பெரும்பாலும் அழிக்கவே வருகிறார்கள். 1952 இல் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியமும் தன் பங்குக்கு வெடித்துக் காட்டியது. மேலே இருந்து எந்த நேரமும் ஏதாவது விழலாம் என்ற அச்சத்தோடு வாழ்ந்த மக்களின் கதைகள் அவை. 'கலை அரசி'யிலோ வருகிறவர்கள் ஒரு குரலைத் தேடி வருகிறார்கள். தம்மிடம் எல்லாம் இருந்தும் பாட்டு இல்லை என்பதை ஒரு குறையாக உணர்ந்து, அதற்காக அண்டவெளியைக் கடந்து வருகிறார்கள். பிறர் குரலுக்கு வாயசைக்காமல் தம் பாடல்களைத் தாமே பாடிய, பின்னாளில் சென்னையில் இசைக்கல்லூரி முதல்வராகவும் இருந்த பானுமதியை அப்பாத்திரத்துக்குத் தேர்ந்ததில் எத்தனை பொருத்தம் இருக்கிறது! பூமியில் கொண்டுபோகத் தக்க பொருள் எது என்ற கேள்விக்கு நம்மவர்கள் சொன்ன பதிலாகவே நான் இப்படத்தை மதிக்கிறேன்.

யூரி ககாரின் விண்ணுக்குச் சென்று இரண்டே ஆண்டுகளில் வந்த படம் இது. அதே 1963 இன் நவம்பர் 21 அன்றுதான், உங்கள் ஊரிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தும்பாவிலிருந்து, இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அங்கே ஒரு பழைய மாதா கோயில் கட்டடத்தை அலுவலகமாக வைத்துக்கொண்டு, ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர்களும் குறைந்த செலவில் வேலை பார்த்தவர்கள்தாம்.

இத்தகைய படங்கள் தமிழில் ஏன் தொடரவில்லை என்றும் நீங்கள் கேட்கக்கூடும். என் எண்ணம் இது: புஷ்பக விமானமும் மறைந்து தோன்றும் முனிவரும் வெட்ட வெட்ட முளைக்கும் தலையும் நம் புராணப் படங்களிலும் மாயாஜாலப் படங்களிலும் ஏற்கெனவே நிறைந்திருந்தன. ஒரே ஃபிலிமை இருமுறை ஒளிப்பதிவு செய்வது, கேமராவை நிறுத்தி ஆளை மாற்றுவது, சிறு மாதிரி உருவத்தைப் பெரிதாகக் காட்டுவது ஆகியவை நம் ஸ்டூடியோக்களுக்குக் கைவந்த வித்தைகள். வியப்பு வேண்டிப் போனவர்களுக்கு அது அங்கேயே கிடைத்துவிட்டதால், விண்கலத்தைத் தேடிப் போக வேண்டிய தேவை எழவில்லை.

சேலத்தில் யானைகளுக்கு உரோமம் ஒட்டி ஒரு ஆங்கிலப் படம் எடுத்தார்கள் என்று என் தாத்தா சொல்வார். அது கட்டுக்கதையா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

கட்டுக்கதையன்று, அம்மா. 1952 இல் வந்த அப்படத்துக்கு ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு' என்று பெயர். டி. ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும், சிக்கனப் படங்களுக்குப் பெயர்பெற்ற லிப்பர்ட் என்ற அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து எடுத்தன. இயக்குநர் வில்லியம் பெர்க். நடிகர்கள் ராட் கேமரன், சீசர் ரொமீரோ, மேரி வின்ட்சர். காட்டு யானைகள் வெறிகொண்டு ஊர்களை அழிப்பதன் காரணத்தைத் தேடிப் போகும் குழு, அழிந்துபோனதாக நினைத்த மாமூத் யானைகளை அங்கே காண்கிறது. மாமூத்துகளாக நடித்தவை உரோமப் போர்வை போர்த்திய நம் யானைகள்.

முண்டந்துறைக் காட்டுக்கு அருகே வாழும் உங்களுக்கு யானையின் நடை தெரிந்திருக்கும். அந்த நடையில் எந்தப் போலியும் இல்லை என்பதால், போர்வை எத்தனை மோசமாக இருந்தாலும் அக்காட்சிகள் கொரில்லா உடையைவிட மேலாக நிற்கின்றன. ஆனால் நம் ஊர் வெயிலில் அப்போர்வைக்குள் நின்ற விலங்குகளை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. அதையும் சொல்லாமல் விட எனக்கு விருப்பமில்லை.

ஐயா, நாங்கள் பிளஸ் டூ மாணவர்கள் நான்கு பேர். செல்பேசியில் அரை மணி நேர விண்வெளிப் படம் எடுக்க ஆசை. கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. விண்வெளி உடைக்கே போதாது போலிருக்கிறது.
– மாணவர், இராதாபுரம்

தம்பி, முதலில் உடையை மறந்துவிடுங்கள். பில் டக்கர் செய்தவற்றுள் உங்களுக்கு உதவக்கூடியது உடையன்று, இடம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கும் பிரான்சன் கேன்யன் என்ற கைவிடப்பட்ட கல்குவாரியை அவர் வேற்றுக் கிரகத்தானின் இருப்பிடமாக்கினார். உங்களுக்கோ திசையன்விளைப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. செக்கச் செவேலென்ற அந்த மணலைச் செவ்வாய்க் கிரகம் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். மதிய வெயிலில் நிழலே விழாமல் எல்லாம் தட்டையாகத் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் மணலின் வரிகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். பனைமரம் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது கதையிலேயே அதற்கு ஒரு காரணம் வையுங்கள்.

பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றாலையின் அடியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இறக்கை ஒவ்வொன்றும் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கும் ஓசையைக் கேளுங்கள். அதை நல்ல மைக்கில் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டால் எந்தக் கலமும் தரையிறங்கிவிடும்; கலத்தைக் காட்டவே வேண்டியதில்லை. தேரியில் படம்பிடிக்கும் முன் நிலத்துக்காரரிடமோ வனத்துறையினரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள்; அந்த மணலில் அரை மைல் நடப்பது ரோட்டில் இரண்டு மைல் நடப்பதற்குச் சமம்.

வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்பதை எழுதி முடித்துவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அதை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.