திண்ணையில் நின்று குடித்த மோர்

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றுப் பொள்ளாச்சியில் வசிக்கிறோம். திங்கட்கிழமை ஓய்வூதியர் சங்கம். ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றை, அங்கே முதியவர்களுக்குக் கைப்பேசி வழியாக எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் யோகா, வியாழன் திருப்புகழ்க் குழு, ஞாயிறு கோவையில் மகன் வீடு. புதன் காலையில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையோடு எட்டு கிலோமீட்டர் நடப்போம். வழியிலுள்ள ஊரில் 84 வயது மாமியார் குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறார். காலணியைக் கழற்றினால் நேரமாகும் என்பதால், திண்ணையோரம் நின்றபடியே அவர் தரும் மோரைக் குடித்துவிட்டு நடையைத் தொடர்வோம். ஆறு மாதமாக என் மனைவி புதன்கிழமை நடைக்கு மட்டும் வர மறுக்கிறார். முழங்கால் வலியாம். அவருடைய ஆர்வத்தை மீட்பது எப்படி?

பதில்: யோகா வகுப்பில் தரையில் அமர்ந்து எழவும், கோவைப் பேருந்தில் ஏறி இறங்கவும் இடம்கொடுக்கும் முழங்கால், புதன்கிழமை மட்டும் வலிக்கிறது என்றால் அது எந்த வலி என்று ஆறு மாதமாக நீங்கள் யோசிக்கவே இல்லையா?

காலணியைக் கழற்ற நேரமில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. செவ்வாய் இரவே பாலை உறையூற்றி, விடிந்ததும் மோர் கடைந்து, இரண்டு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளும் மருமகனும் வரும் திசையைப் பார்த்தபடி ஒரு மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "உள்ள வாங்க மாப்பிள்ளை, ரெண்டு தோசை ஊத்தறேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். உங்களுக்குத் தெரிவது மோர். உங்கள் மனைவிக்கோ சுவரைப் பிடித்து எழும் அம்மாவின் கையும், கூட்டப்படாத கூடமும், காலையில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிறந்த வீட்டுக்குள் நுழையவும் முடியாமல், அதைக் கடந்து போகவும் மனமில்லாமல் நின்றவர், அந்த வழியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லையே என்பீர்கள். பிறந்த வீட்டுக்காகக் கணவனிடம் கேட்கக் கூச்சப்படும்படிதானே நம் வீடுகளில் பெண்களை வளர்த்திருக்கிறோம்?

நீங்கள் நடக்கும் வாய்க்காலில்கூட நான்கு பாசன மண்டலங்களுக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் வாரத்தில் சங்கத்துக்கு முறை இருக்கிறது, மகனுக்கு முறை இருக்கிறது. மாமியாருக்கு மட்டும் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். கைரேகை தேய்ந்த முதியவர்கள் அலையக்கூடாது என்றுதான் 2021-இல் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி வந்தது. அந்த வசதியை ஊராருக்கெல்லாம் செய்து கொடுக்கும் நீங்கள், உங்கள் மாமியாரின் சான்றை இந்த ஆண்டு யார் எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! அவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போய்த் திரும்பியிருந்தால், அது உங்களுக்குக் குறைவு.

பெற்றோரைப் பராமரிக்கச் சொல்லும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மகனையும் மகளையும் ஒன்றாகவே நிறுத்துகிறது. மருமகனை அது குறிப்பிடவில்லை. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பெண் கொடுத்த வீட்டின் முதுமை மருமகனுக்கும் உரிய கடமை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

வரும் புதன்கிழமை நடைப்பயிற்சி வேண்டாம். மனைவியை அழைத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போங்கள். காலணியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, அவர் ஊற்றும் தோசையைச் சாப்பிடுங்கள். மருந்துச் சீட்டு, மின்கட்டண அட்டை, குளியலறைத் தரை எல்லாவற்றையும் நீங்களே பாருங்கள். புறப்படும்போது, இரண்டு நாள் அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று உங்கள் மனைவி சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை யோகாவுக்கு நீங்கள் மட்டும் போங்கள். சமையலையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.