பழைய பிக்கப்புக்கு வேறொரு சேஸி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1951ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 பிக்கப் ஒன்று இருக்கிறது. கேபினும் மட்கார்டுகளும் நல்ல நிலையில் உள்ளன. வண்டியின் அடிச்சட்டமான சேஸியோ பல இடங்களில் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. பாடியை, பிற்காலத்தில் வந்த சிறிய பிக்கப்பான ஷெவர்லே எஸ்-10இன் சேஸி மீது ஏற்றலாம் என்கிறார்கள். ஏற்றலாமா? எந்த எஸ்-10 வாங்க வேண்டும்?
(ஒரு வாசகர், டெக்சாஸ், அமெரிக்கா)

பதில்: ஏற்றலாம். உங்கள் சேஸி துருவால் அழிந்துவிட்டது என்பதால்தான் தயங்காமல் சொல்கிறேன். அது நேராகவும் உறுதியாகவும் இருந்திருந்தால், அதையே வைத்துக்கொண்டு முன்புறத்தில், சக்கரங்கள் தனித்தனியே அசையும் மஸ்டாங் 2 (ஃபோர்டு கார்) வகை சஸ்பென்ஷனையும் டிஸ்க் பிரேக்கையும் பொருத்துங்கள் என்றே எழுதியிருப்பேன். ஏனென்றால் சேஸி மாற்றம் ஒரு வார இறுதியில் முடிகிற வேலைபோலப் பேசப்பட்டாலும், கேபின், ரேடியேட்டர், மட்கார்டு, பின்பெட்டி என ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தாங்கிகள் செய்ய வேண்டிய நீண்ட வேலை அது.

மாற்ற நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் மாநிலங்களுக்கு இடையிலான விரைவுச் சாலைகளுக்கு வழிவகுத்த சட்டம் 1956இல்தான் வந்தது. உங்கள் வண்டி அதற்கு முந்தையது. பின் ஆக்ஸிலின் விகிதம் 4.11 (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதை இயக்கும் ஷாஃப்ட் 4.11 முறை சுற்ற வேண்டும்) என்பதால், இன்றைய சாலை வேகத்தில் அந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் ஓயாமல் அலற வேண்டியிருக்கும். முன்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்ஸில்; சக்கரங்கள் திரும்புவது கிங் பின் என்னும் ஆணிகளின் மீது. நான்கு டிரம் பிரேக்குகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். போதாக்குறைக்கு, எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடப்பட்டு, பின் ஆக்ஸிலோடு ஓர் உடலாக இணைந்திருப்பதால், கியர்பாக்ஸை மட்டுமோ ஆக்ஸிலை மட்டுமோ மாற்றுவது எளிதல்ல. ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டிவருவதால்தான் முழுச் சேஸியையும் மாற்றும் எண்ணம் பலருக்கு வருகிறது.

எஸ்-10 பிக்கப் 1982 முதல் 2004 வரையிலான மாடல்களில் வந்தது. உங்கள் 3100இன் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான நீளம்) 116 அங்குலம். எஸ்-10இல் சாதாரண கேபினும் குட்டைப் பெட்டியும் உள்ளது 108.3, சாதாரண கேபினும் நீளப் பெட்டியும் உள்ளது 117.9, நீட்டிய கேபின் உள்ளது 122.9 அங்குலம். நடுவில் உள்ளதையே, இரண்டு சக்கர இயக்கம் கொண்டதாகத் தேடி வாங்குங்கள். மிகுதியாக இருக்கும் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான நீளத்தை, சேஸியை வெட்டாமல், பின் ஸ்பிரிங் தாங்கிகளை முன்னே நகர்த்தியே சரிசெய்துவிடலாம். நீட்டிய கேபின் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் ஏறத்தாழ ஏழு அங்குலம் வெட்டி எடுக்க வேண்டும். அந்த மலிவு உண்மையில் மலிவல்ல.

பழைய வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே அளவெடுப்பை முடித்துவிடுங்கள். சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தூக்குக்குண்டு கட்டி, நான்கு சக்கரங்களின் மையத்தையும் கேபினின் மூலைகளையும் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். புதிய சேஸியின் மீது முதலில் நிலைநிறுத்த வேண்டியது கேபின் அல்ல, முன் மட்கார்டு. அதன் வளைவின் நடுவில் முன்சக்கரம் நிற்கும்படி வைத்த பிறகே கேபினும் பின்பெட்டியும் அதைத் தொடர வேண்டும். கேபினை முதலில் அமர்த்திவிட்டு, பிறகு சக்கரம் வளைவின் ஓரத்தில் நிற்பதைக் கண்டு தவிப்பவர்கள் பலர், அந்த அழகிய முகம் அதனாலேயே கெட்டுவிடுகிறது. எஸ்-10 சற்று ஒடுக்கமான வண்டி என்பதால் சக்கரங்கள் உள்வாங்கியும் தெரியும். அதற்கு, சக்கரத்துக்கு உள்ளே வைத்து அதை வெளித்தள்ளும் மலிவான ஸ்பேசர்களை நாடாமல், வெளித்தள்ளி நிற்கும் அளவுள்ள ரிம்களை வாங்குவதே சரி.

கேள்வி: நீட்டிய கேபின் எஸ்-10 சேஸியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். வெட்டி ஒட்டிய சேஸி தாங்குமா?
(ஒரு வாசகர், மிச்சிகன்)

பதில்: முறையாகச் செய்தால் தாங்கும். நெட்டுக்குத்தாக நேர்க்கோட்டில் வெட்டி, அதே கோட்டில் பற்றவைப்பதுதான் ஆபத்து; அப்போது சேஸியின் முழுச் சுமையும் ஒரே குறுக்குவெட்டில் வந்து விழுகிறது. படிக்கட்டு வடிவில் வெட்டினால் மேல்பகுதியின் இணைப்பும் கீழ்ப்பகுதியின் இணைப்பும் வெவ்வேறு இடங்களில் அமையும். உட்புறத்தில் சாய்சதுர வடிவத் தகடு வைத்து வலுவூட்டுங்கள். சதுரத் தகடு வைத்தால் அதன் செங்குத்து ஓரமே விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும். வெட்டுவதற்கு முன் சேஸியின் இரு நீளத் தண்டுகளையும் தற்காலிகக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, மூலைவிட்டங்களை அளந்து எழுதிவைத்து, ஒட்டிய பின் மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். இந்தப் பற்றவைப்பை, அதைத் தொழிலாகச் செய்பவரிடம் ஒப்படையுங்கள். சேஸி குறைந்த அளவுக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் குறைத்து, பேலன்ஸ் செய்ய வேண்டும்.

கேபினை ஒருபோதும் சேஸியோடு சேர்த்துப் பற்றவைக்காதீர்கள். சேஸி ஓடும்போது முறுக்கிக்கொள்ளும். இடையில் ரப்பர் புஷ் இல்லையென்றால் அந்த முறுக்கம் கேபின் தகட்டைக் கிழித்துவிடும்.

கேள்வி: பிரேக், ஸ்டியரிங் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
(அதே வாசகர்)

பதில்: பழைய ஷெவர்லேயில் பிரேக் பெடல் தரையிலிருந்து எழுகிறது, எஸ்-10இல் மேலிருந்து தொங்குகிறது. தொங்கும் பெடலை வைத்துக்கொள்வதாக இருந்தால், எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள பழைய தகடு மெல்லியது என்பதை மறக்காமல், அதன் பின்னால் கனத்த தகடு வைத்துப் பலப்படுத்துங்கள். இல்லையென்றால் அவசரத்தில் மிதிக்கும்போது பிரேக்குக்குப் போக வேண்டிய விசையின் ஒரு பகுதி தகட்டை வளைப்பதிலேயே வீணாகும். பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைப் பழையபடி தரைக்கடியில் வைத்தால், அது சக்கரத்தின் காலிப்பரைவிட (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) தாழ்ந்துவிடுவதால் எண்ணெய் பின்வாங்கும். டிஸ்க் பிரேக் குழாயில் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு), டிரம் பிரேக் குழாயில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வுகள் தேவை. ஸ்டியரிங் தண்டில், கோணம் மாறித் திரும்ப உதவும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் மூன்று வந்தால், நடுவில் ஒரு பேரிங் தாங்கி கட்டாயம் வேண்டும்.

எரிபொருள் டாங்க்கையும் இந்த வேளையிலேயே கேபினுக்குள்ளிருந்து வெளியேற்றிவிடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் இருக்கும் ஏற்பாட்டைத் தொடரக் காரணமே இல்லை.

கேள்வி: பதிவு எந்த வண்டியின் பெயரில் இருக்கும்?
(ஒரு வாசகர், டெக்சாஸ்)

பதில்: இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் மறுகட்டமைக்கப்பட்ட வண்டியாகப் புதிதாகப் பதிய வேண்டிவரலாம். எனவே வெட்டுவதற்கு முன்பே உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். இரண்டு வண்டிகளின் உரிமைப் பத்திரங்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். கதவுத் தூணில் உள்ள எண் தகட்டைக் கழற்றுவதோ இடம் மாற்றுவதோ கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றமாகக்கூடும். பெயின்ட் அடிப்பவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: இங்கே ஒரு பழைய பிக்கப்புக்கு இப்படிச் செய்ய முடியுமா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: சாலையில் ஓட்டுவதற்கென்றால் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிப்படுத்தியது. மேலும், 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய வேண்டுமானால், அதன் சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. உங்கள் வண்டியின் அசல் சேஸி பழுதாகியிருந்தால், அதையே துருநீக்கிச் செப்பனிடுங்கள்.