கருவில் இருப்பதும் ஓர் உயிர்தானே, அதைக் கலைக்கச் சட்டம் எப்படி அனுமதிக்கலாம்?

உயிர்தான். அதை மறுத்து நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. 2022-இல் என் வயிற்றில் 19 வாரம் இருந்ததை இன்றும் குழந்தை என்றுதான் சொல்கிறேன். கேட்டவர் இந்த முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நின்றதில்லை என்று நினைக்கிறேன். தவறாக நினைத்திருந்தால் மன்னியுங்கள்.

எங்களுக்குப் பள்ளிகொண்டா பக்கம். ஐந்தாம் மாத ஸ்கேனில், மண்டையோட்டின் மேல்பகுதியும் மூளையில் பெரும்பகுதியும் உருவாகவில்லை என்றார்கள். உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். வேலூருக்குப் போய் இன்னொரு ஸ்கேன் எடுத்தோம். அதே பதில். அதற்கு முந்தின வாரம்தான் முதல் அசைவு தெரிந்து மாமியாரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தேன். இரண்டு ராத்திரி அழுதேன். அப்புறம் கலைத்துவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை.

மருத்துவமனையில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் பட்டாளத்தில் இருக்கிறார், அப்போது லடாக்கில், போன் கிடைக்காத இடத்தில். ஐந்து நாள் போனது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் சொன்னால் போதும், தாண்டினால் இரண்டு பேர் சொல்ல வேண்டும். அந்த ஐந்து நாளும் உள்ளே அது அசைந்துகொண்டே இருந்தது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும், கணவர் கையெழுத்தை 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் கேட்கவே இல்லை என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

என் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் இல்லை. அப்பா போன பிறகு, சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்ணன்கள் வீடு தேடி வந்தார்கள். அன்றைக்கு யாரும் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று, ஆனாலும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மனசு ஆறவில்லை.

அந்தச் சொத்து விவகாரத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சாகும்போது வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு, ஆனால் அது உயிரோடு பிறக்க வேண்டும். வயிற்றில் இருப்பதைச் சட்டம் ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை. முழு ஆளாகவும் எண்ணவில்லை.

இஷ்டத்துக்குக் கலைக்கலாம் என்று சட்டம் விட்டுவிட்டதாகவும் நினைக்காதீர்கள். கருவைக் கலைப்பது இன்றும் குற்றம்தான். முன்பு இ.பி.கோ. 312, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 88. 1971ஆம் ஆண்டுச் சட்டம் சில காரணங்களுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. 2023 அக்டோபரில், 26 வாரம் ஆகியிருந்த, ஏற்கெனவே இரண்டு பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஊனம் இருந்தால் கலைத்துவிடு என்று நான் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் குழந்தைக்குப் பிழைக்க வழியே இல்லை.

எல்லாம் முடிந்து கையில் கொடுத்தார்கள். எங்கள் ஆயா தன் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றினார். பாலாற்றங்கரையில் புதைப்பதற்கு முன் துணியை விலக்கி, வாயில் ஒரு சொட்டுப் பால் வைத்தார். "பசியோட போவக்கூடாது" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.