தினசரி ஜெப ஒழுங்கு: கேள்வி பதில்

குலசேகரம்: ரப்பர் பால்வெட்டு வேலை. விடியுமுன் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். காலை ஜெபத்தை எங்கே வைப்பது?

எழுந்ததும் கர்த்தருடைய ஜெபம் ஒன்று போதும். கடைசி மரத்தையும் வெட்டிவிட்டு, சிரட்டையில் பால் வடிந்து சேரும்வரை காத்திருப்பீர்களே, அதுதான் உங்கள் நேரம். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 2 நிமிடம் சும்மா இருங்கள். பிறகு 3 பேருக்காக, பேர் சொல்லி வேண்டுதல். 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மழையில் வெட்டு நின்றால் ஜெபமும் கூடவே நின்றுபோகும். பலர் சறுக்குவது அங்கேதான். வெட்டில்லாத நாளில் காலைக் கட்டஞ்சாயாவுக்கு (பால் விடாத தேநீர்) முன் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். போனைக் கையில் எடுக்குமுன்!

தக்கலை: ஒரு மாதத்தில் சங்கீதம் முழுவதும் வாசிக்க முடியுமா?

முடியும். 150 சங்கீதம், நாளுக்கு 5. 119-ஆம் சங்கீதம் வரும் நாளில்தான் ஆட்கள் விழுவார்கள்: 176 வசனம். அதை மட்டும் எடுத்து, எட்டெட்டு வசனமாக 22 நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முட்டம்: செபமாலையில் எந்த நாள் எந்த மறைபொருள் (மணி உருட்டும்போது தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்ச்சிகள்)?

திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்கள் 2002-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை.

மார்த்தாண்டம்: மணி உருட்டுவதும் எழுதி வைத்ததை வாசிப்பதும் ஜெபமா? ஜெபத்தில் வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்கிற மத்தேயு 6:7 வாசித்ததில்லையா?

வாசித்திருக்கிறேன். நீங்கள் 6:9-ஐயும் வாசியுங்கள். அங்கே ஆண்டவரே கர்த்தருடைய ஜெபத்தின் வார்த்தைகளைக் கொடுக்கிறார். சிலுவையில் அவர் சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" 22-ஆம் சங்கீதம். "உமது கையில் என் ஆவியை" 31-ஆம் சங்கீதம். மனப்பாட வரிகள்தாம்.

மார்த்தாண்டம்: அது இயேசு. நாம் ஆவியில் நிறைந்து சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும்.

தாராளமாக. ஆனால் சொந்த ஜெபத்தில் மூச்சுக்கு மூச்சு "ஆண்டவரே, ஆண்டவரே" என்கிறோமே, 6:7 அதற்கும் பொருந்தாதா? களைத்த நாளில் சொந்த வார்த்தை வராது, சங்கீதம் வரும். இரண்டும் வேண்டும்.

நாகர்கோவில்: காலை 4 மணிக்கு எழுந்தால்தான் பலனா?

வேதத்தில் அப்படிச் சட்டமில்லை. தானியேல் ஜெபித்தது நாளுக்கு மூன்று வேளை (6:10). முதலில் ஒரு வேளையை நிலைநிறுத்துங்கள்.

கருங்கல்: எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

மேலே பாருங்கள்.

குளச்சல்: ஒரு மணி நேரத்தில் தொடங்கலாமா?

வேண்டாம். 15 நிமிடம் என்று முன்பே சொன்னேன். போனும் வேண்டாம்.

திருவட்டாறு: சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். வெள்ளிதோறும் உபவாசம் இருக்கலாமா?

டாக்டரிடம் கேளுங்கள்.