பதினைந்து வயதுக் கொலையாளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் ‘ருரோனி கென்ஷின்: தி பிகினிங்’ என்ற ஜப்பானிய சாமுராய் படம் பார்த்தேன். இரண்டு நாள் வேறு எதுவும் ஓடவில்லை. அப்புறம் மங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸ் கதைகளிலிருந்து எடுத்த மற்ற சாமுராய் படங்களையும் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ முதல் படத்தில் அந்தக் கைக்குழந்தை பந்தை விட்டுவிட்டு வாளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் புல்லரித்துவிட்டது. ஒரு மாவீரன் பிறக்கும் கணம் என்றால் அதுதான். என் கேள்வி இது: கென்ஷின் படங்களை வெளிவந்த வரிசையில் பார்ப்பது நல்லதா, கதையின் கால வரிசையிலா? நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். மங்காவை முதலில் படித்தாக வேண்டுமா? இயக்குநர் மீகேயின் ‘பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்’ பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இவ்வளவு வன்முறையை ரசிப்பது தவறோ என்றும் சில நேரம் தோன்றுகிறது.

க., கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி,

வெளிவந்த வரிசையிலேயே பார்க்கச் சொல். 2012இல் ஒன்று, 2014இல் இரண்டு, 2021இல் இரண்டு. கடைசியாக வந்ததுதான் கதையில் முதலாவது. கென்ஷின் கன்னத்தில் பெருக்கல் குறி போல இருக்கும் தழும்பை நாலு படம் பார்த்துப் பழகிய பிறகு, அதன் ஒரு கோட்டை யார் போட்டார்கள், மற்றக் கோட்டை யார் போட்டார்கள் என்று தெரிய வேண்டும். முதலிலேயே தெரிந்துவிட்டால் மீதிப் படங்கள் முழுக்க ‘பாவம், அவனுக்கு இப்படி நடந்துவிட்டது’ என்று பார்த்துக்கொண்டிருப்பாய். மங்காவைப் படி, படிக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. மீகே அந்தப் படத்தைத் தன் நூறாவது படம் என்ற விளம்பரத்தோடு 2017இல் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளையில் வரும் தொடக்கம் அருமை. அதற்குப் பிறகு வெட்டுப்பட்டு விழுகிறவர்களை எண்ணுவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. வன்முறையை ரசிப்பதற்கெல்லாம் என்னிடம் அனுமதி கேட்காதே, வளர்ந்த பிள்ளை நீ.

ஆனால் ‘புல்லரித்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சும்மா விட முடியவில்லை. ‘மாவீரன் பிறக்கும் கணம்’ என்று வேறு. கொஞ்ச நாளாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது. நீ வந்து சரியாக அதிலேயே கால் வைத்துவிட்டாய்.

அந்தக் காட்சியை இன்னொரு தரம் போட்டுப் பார். கசுவோ கொய்கே எழுதி கொசெகி கொஜிமா வரைந்த மங்கா 1970இல் தொடங்கியது. 1972இல் கென்ஜி மிசுமி படமாக்கினார். ஓகாமி இட்டோ, நாட்டை ஆளும் படைத்தலைவரான ஷோகுனின் தலைவெட்டி அதிகாரி. மனைவியைக் கொன்றுவிட்டார்கள், அவன் மேல் துரோகப் பழி விழுந்துவிட்டது. பழிவாங்கும் பாதையில் இறங்குகிறான். அதற்கு முன்னால் தவழும் பிள்ளை டைகோரோவின் எதிரில் ஒரு பக்கம் வாள், இன்னொரு பக்கம் பந்து. பந்தை எடுத்தால் உன்னை வெட்டி உன் அம்மாவிடம் அனுப்பிவிடுவேன், வாளை எடுத்தால் என்னோடு வரலாம் என்கிறான். யாரிடம்? இன்னும் ஒரு சொல் பேசத் தெரியாத பிள்ளையிடம். பிள்ளைக்கு வாள் என்ன, பழி என்ன, செத்த அம்மா என்ன? மினுங்குவதைத் தொடப் போகிறது. உன் அம்மாவிடம் போயிருந்தால் உனக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று தகப்பனே பிறகு சொல்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத் தெரியவில்லை. அங்கே ஒருவரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை தம்பி. ஒரு பெரிய மனிதன் தான் எடுத்துவிட்ட முடிவுக்குக் கைக்குழந்தையிடம் கைநாட்டு வாங்குகிறான்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவோம். உனக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்காது. பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்தி அவித்த கொழுக்கட்டைகளைக் கொட்டுவார்கள். முன்னால் சாமான்கள் பரப்பி வைத்திருக்கும்: புத்தகம், பேனை, சங்கிலி, காசு, கத்தி. பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் வருங்காலம். எங்கள் வீட்டில் கத்திக்குச் சொன்ன பொருள் டொக்டர். அதனால் வெங்காயம் உரிக்கும் சின்னக் கத்தி ஒன்றை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மினுங்குகிற பக்கம் பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி வைப்பார்கள். டொக்டர் ஆசை இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது?

எண்பதுகளின் கடைசியில் என் சின்னம்மாவின் மகனுக்குக் கொழுக்கட்டை கொட்டினோம். எனக்கு விவரம் தெரிந்த வயது. சாமான்களை நான்தான் பரப்பினேன். அப்பாச்சி வந்து குனிந்து பார்த்தார். கத்தியைக் கண்டதும், “உதை உள்ளுக்குக் கொண்டுபோய் வை பிள்ளை” என்றார். டொக்டர் என்று நான் இழுத்தேன். “டொக்டரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்” என்று தானே எடுத்து மடியில் செருகிக்கொண்டார். ஏன் என்று அங்கே இருந்த ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடம் அப்படியான வருடம். எங்கள் ஒழுங்கையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இயக்கத்துக்குப் போயிருந்தான். போவதற்கு முன்தினம் என் தம்பியிடம் இரவல் வாங்கியிருந்த கணக்குக் கொப்பிக்கு உறை போட்டுத் திருப்பித் தந்துவிட்டுப் போனவன். பிறகு கூட்டங்களில் மைக் பிடித்தவர்கள் எல்லோரும் அவன் ‘தேர்ந்தெடுத்த பாதை’ என்றார்கள். இரவல் கொப்பிக்கு உறை போடுகிற வயது அது.

இப்போது உன் கென்ஷினுக்கு வருகிறேன். நீ இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த படத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் என்னவென்று சொல்லவா?

மங்காவில் கென்ஷினுக்கு அந்தக் கதை நடக்கும்போது பதினைந்து வயது. அவனுக்கு மனைவியாகும் டொமோயேவுக்குப் பதினெட்டு. படம் 2021இல் வெளிவந்தபோது டக்கேரு சடோவுக்கு 32, கசுமி அரிமுராவுக்கு 28. இருவரும் நன்றாக நடித்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனியும் நீல வெளிச்சமும் சண்டை வடிவமைப்பும் நீ சொன்ன மாதிரிப் பிரமாதம்தான். ஆனால் மூன்று வயது மூத்த ஒரு பெண்ணுக்கும் ஒரு பையனுக்கும் நடந்ததை முழு வளர்ச்சி பெற்ற ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடந்த காதல் சோகமாக மாற்றிவிட்டார்கள். பார்க்கிற நாமும் காதலுக்காக அழுதுவிட்டு எழும்பிப் போகிறோம். பையன் ஒருவனைக் கொலைக்கு அனுப்பினார்களே என்று யாருக்கும் ஆத்திரம் வருவதில்லை.

கதை எங்கே தொடங்குகிறது என்று பார். காலராவில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த ஷின்டா என்ற சின்னப் பிள்ளையை ஆள் விற்பவர்கள் கூட்டிப் போகிறார்கள். வழியில் கொள்ளையர்கள் எல்லோரையும் வெட்டிப் போடுகிறார்கள். ஹிகோ செய்ஜூரோ என்ற வாள் வீரர் வந்து கொள்ளையர்களைக் கொன்று பையனைக் காப்பாற்றுகிறார். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பிள்ளை எல்லோருக்கும் குழி வெட்டிப் புதைத்திருக்கிறது: தன்னை விற்கக் கொண்டுபோனவர்களையும், அவர்களை வெட்டிய கொள்ளையர்களையும். தன்னை மறைத்துக் காப்பாற்றப் பார்த்த மூன்று பெண்களின் குழிமேல் மட்டும் கல் பொறுக்கி வைத்திருக்கிறது. இந்தக் கையில்தான் வாள் கொடுக்கிறார்கள். ஷின்டா என்ற பெயரையும் கென்ஷின் என்று மாற்றுகிறார்கள். பதினாலு வயதில் குருவோடு சண்டை போட்டுக்கொண்டு மலையை விட்டு இறங்குகிறான், நாட்டைத் திருத்தலாம் என்று. ஷோகுன் ஆட்சியை எதிர்க்கும் தகாசுகி ஷின்சாகுவின் படையில் சேர்கிறான். கட்சுரா கொகோரோ அவன் வாள் வீசுவதைப் பார்த்துவிட்டுக் கியோட்டோவுக்குக் கொண்டுபோய் இரவுக் கொலைகளுக்குப் பழக்குகிறார்.

தகாசுகியும் கட்சுராவும் வரலாற்றில் இருந்தவர்கள். கட்சுரா பிறகு கிடோ தகயோஷி என்ற பெயரில், ஷோகுன் ஆட்சிக்குப் பிறகு வந்த மெய்ஜி அரசின் பெரிய தூண்களில் ஒருவரானார். கென்ஷின் கற்பனை. ஆனால் அவனுக்கு முன்மாதிரி என்று மங்காவைப் படைத்த வாட்சுகி சொன்ன ஆள் நிஜம்: கவகாமி கென்சாய். 1864இல் கியோட்டோவில் பட்டப்பகலில் அறிஞர் சகுமா ஷோசானை வெட்டிக் கொன்றவர். புதிய அரசு வந்து நாலைந்து வருடத்தில் அந்த அரசே அவருடைய தலையை வாங்கியது. கென்ஷினைப் போலப் பத்து வருடம் ஊர் ஊராக அலைந்து பாவம் கழுவுகிற வாய்ப்பெல்லாம் அவருக்குக் கிடைக்கவில்லை.

சகுமாவைக் கொல்லும்போது கவகாமிக்குக் கிட்டத்தட்ட முப்பது வயது. அதாவது, முப்பது வயதுக் கொலைகாரனை எடுத்துப் பதினைந்து வயதுப் பையனாக்கியது வாட்சுகி. 1994இலிருந்து 1999 வரை பையன்கள் வாசிக்கும் வாரப் பத்திரிகையில் வந்த தொடர், அதனால்தான் வயதைக் குறைத்தார் என்பாய். இருக்கட்டும். எந்தக் காரணத்துக்காகக் குறைத்திருந்தாலும் கதையின் உயிர் அந்தக் குறைப்பில்தான் இருக்கிறது. முப்பது வயதுக்காரன் கொன்றால் அது அவன் கணக்கு. பதினைந்து வயதுப் பையன் கொன்றால் அது அவனை அனுப்பியவன் கணக்கிலும் ஏற வேண்டும். படம் அந்தக் கணக்கைக் கவகாமியின் வயதுக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

சுவரில் சாய்ந்து, வாளைக் கட்டிப்பிடித்தபடி அவன் உட்கார்ந்தே தூங்குவது ஞாபகம் இருக்கிறதா? டொமோயே குளிருக்குப் போர்த்திவிட வருகிறாள், கண் திறப்பதற்குள் வாள் அவள் கழுத்துக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் உன் உடம்பு என்ன செய்தது? பெரிய ஆள் அப்படித் தூங்கினால் ‘என்ன வேகம்’ என்று கைதட்டுவோம். பையன் அப்படித் தூங்கினால் யாராவது அவனைப் படுக்க வைக்க வேண்டும் என்று தோன்றும்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கதைகளில் ஆணை வாள் எடுக்க வைப்பதற்கென்றே ஒருத்தி சாக வேண்டும் என்பது ஏறக்குறையச் சட்டம். இட்டோவின் மனைவிக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை. டொமோயே அப்படி அல்ல. தன்னைக் கட்ட இருந்தவனைக் கொன்ற கென்ஷினைத் தேடி, பழி தீர்க்கத் திட்டத்தோடு வந்தவள். அவளுக்கென்று ஒரு நாட்குறிப்பு, அவளுக்கென்று ஒரு பாவம், அதை நேர் செய்ய அவளே தேடிக்கொண்ட சாவு. அதனால்தான் மற்றச் சோகங்களை மறந்தாலும் இதை மறக்க முடியவில்லை.

1973இல் டோஷியா ஃபுஜிதா எடுத்த ‘லேடி ஸ்னோபிளட்’டை இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் பெயரே இல்லை. அதற்கும் மூலம் கொய்கே எழுதிய மங்காதான், வரைந்தவர் கசுவோ கமிமுரா. கட்டாய இராணுவச் சேவைக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரி இவர்தான் என்று பொய் சொல்லி ஒரு பள்ளி ஆசிரியரைக் கொன்றுவிடுகிறார்கள். அவர் மனைவி ஒருவனைப் பழிவாங்கிச் சிறைக்குப் போகிறாள். மற்றவர்களைக் கொல்லத் தனக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே அங்கே ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுச் சாகிறாள். பிறந்த பெண் குழந்தைக்குத் தாய் விட்டுப்போன ஒரே சொத்து, கொல்ல வேண்டியவர்களின் பட்டியல். பிறகு ஒரு சாமியார் அந்தச் சிறுமியைப் பீப்பாய்க்குள் போட்டு மலைச்சரிவில் உருட்டிவிட்டுப் பயிற்சி கொடுக்கிறார். அவளாக நடித்த மெய்கோ காஜியின் கண்களைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். அந்தப் பீப்பாயைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

கதைதானே அக்கா என்று சொல்லாதே. 1868 உள்நாட்டுப் போரில், ஷோகுன் பக்கம் நின்ற அய்சு என்ற சிற்றரசில் வெள்ளைப் புலிப் படை என்று ஒன்று இருந்தது. பதினாறு பதினேழு வயதுப் பையன்கள். தோற்றுப்போய் இயிமோரி மலையில் ஏறிய இருபது பேர் கீழே புகையைப் பார்த்தார்கள். கோட்டை விழுந்துவிட்டது என்று நினைத்துத் தங்களைத் தாங்களே குத்திக்கொண்டார்கள். எரிந்தது ஊர். கோட்டை விழவில்லை. இருபது பேரில் பிழைத்தவன் இயினுமா சடகிச்சி ஒருவன்தான். மற்றப் பத்தொன்பது பேரை அடுத்த தலைமுறை விசுவாசத்துக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் போட்டது. 1928இல் முசோலினியின் இத்தாலி அந்த மலைக்குப் பழைய ரோமானியத் தூண் ஒன்றைப் பரிசாக அனுப்பியது, உச்சியில் கழுகு வைத்து. தூண் இன்னும் அங்கேதான் நிற்கிறது. இயினுமா 1931 வரை உயிரோடு இருந்தார். அவரும் அந்தத் தூணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்.

உன் நண்பர்களுக்குச் சொல்வதென்றால் இதையும் சேர்த்துச் சொல். இந்த டொமோயே கதையை 1999இல் நாலு பாகமாக, அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் படமாகவும் எடுத்திருக்கிறார்கள், கசுஹிரோ ஃபுருஹாஷி இயக்கம். மொத்தமாக இரண்டு மணி நேரம் வரும். அதில் கென்ஷின் பையனாகவே இருக்கிறான். ஜப்பானியக் குரலோடு, சப்டைட்டில் போட்டுப் பார். பார்த்துவிட்டு எழுது. எந்தச் சண்டை நன்றாக இருந்தது என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா